பாடகி உயிரோடுதான் இருக்கிறாள்

பாட்டு வெள்ளிக்கிழமை காலை வெளியானது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பாடியவள் செத்துப்போயிருந்தாள்.

"என்னைக் கொன்னுட்டாங்கடி," என்று அக்கா கைப்பேசியைத் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி. சாலை விபத்தாம். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சாம்."

தங்கை படித்தாள். பழைய பாடல்களைத் தேடிப் போடும் பக்கம் ஒன்றில் யாரோ எழுதியிருந்தார்: இந்தப் பாடகி முப்பத்தைந்து வருடம் முன்பு, இளம் வயதிலேயே சாலை விபத்தில் போய்விட்டதாக என் சித்தப்பா சொல்வார். அதற்குக் கீழே நாற்பத்திரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

"உனக்கு முப்பத்தொண்ணுதானே ஆகுது," என்றாள் தங்கை.

"அதாவது நான் பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேன். அதையும் அளந்து எழுதி வச்சுக்கோ, மீட்டர்."

மீட்டர் என்பது வீட்டில் தங்கைக்கு வைத்த பெயர். இயற்பியல் படித்தவள். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். பட்டம் வாங்கியதும் வேலை தேடுவாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, வீட்டின் பின்பக்கச் சாமான் அறையைக் காலி செய்தாள். சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்தாள். ஒரு மைக், ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர்களோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பிறர் பாடி அனுப்புவதைச் சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்குப் பிடித்த அம்சம். கடையில் ஒரு சாமான் பெயரைச் சொல்வதற்கே மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பவள் அவள்.

அக்கா நேர் எதிர். ஆனால் அவள் குரல் மட்டும் இதுவரை யார் காதிலும் தனியாக விழுந்ததில்லை. பதினொரு வருடமாகக் குழுப் பாடகி. பெரிய பாடகர் முன்னால் நின்று காதலைச் சொல்ல, பின்னால் மூன்று பெண்களோடு ஒரே மைக்கில் நின்று 'ஆ' என்பாள். சில நாள் 'லாலலா'. எந்தப் பாட்டிலும் அவள் பெயர் வந்தது கிடையாது.

இந்தப் பாட்டில்தான் முதல்முறையாகப் பெயர் வந்தது. மெட்டும் அவளுடையதே. ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தானாக வந்தது என்றாள். அந்தக் கால நடனப் பாட்டு மாதிரி இருக்க வேண்டும், டிரம் மெஷின் டப் டப் என்று அடிக்க வேண்டும், கேட்டவன் உட்கார்ந்த இடத்தில் தோளை ஆட்ட வேண்டும் என்றாள்.

தங்கை அதைக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டாள்.

பழைய ஓசையைக் கணினியிலேயே கொண்டுவர வழி இருந்தது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது அவளுக்கு ஒப்பவில்லை. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கேசட் டெக்கையும் அதனோடு ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பாட்டை முழுக்க முடித்து, கேசட்டில் பதிந்து, மறுபடி கேசட்டிலிருந்து கணினிக்கு எடுத்தாள். நாடா ஓடும் வேகத்தை அளந்தாள். இரைச்சலை அளந்தாள். டெக்கில் ஓசையைப் பதியும் தலையை, அதாவது 'ஹெட்'டை, பஞ்சால் துடைத்தாள். அதற்குப் பக்கத்திலேயே, முன்பு பதிந்ததை அழிப்பதற்கென்று இன்னொரு தலை இருக்கிறது. அதைத் துடைக்கவில்லை.

அதனால் அந்தக் கேசட்டில் முன்பு இருந்தது முழுதாக அழியவில்லை. பாட்டு மெல்லத் தேய்ந்து முடியும் இடத்தில், இரைச்சலுக்கு அடியில், ஒரு பெண் குரல் மிச்சமிருந்தது. யாரோ என்றோ வானொலியிலிருந்து பதிந்தது. மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடியில் அந்த அம்மாள் தெளிவான உச்சரிப்பில், 'தொடர்ந்து வருவது நேயர் விருப்பம்' என்பார்.

தங்கை அதைக் கேட்கவில்லை. ஆனால் டெக்கின் ஒலிமானியில் முள் லேசாக எழும்பியதைப் பார்த்தாள். நோட்டில் குறித்தும் வைத்தாள்: 3.41, அறைச் சத்தம்? அந்தக் கேள்விக்குறியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

வெளியான அன்று பாட்டை நூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருந்தார்கள். அதில் முப்பது அம்மா. பள்ளி ஆசிரியை, ஆசிரியர் அறையில் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கித் தானே ஓடவிட்டிருந்தாள். அப்பா கூடத்தில் ஒரு தடவை கேட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, விரலால் தொடையில் தாளம் போட்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு," என்றார் அப்பா. "ஆனா நான் இதைக் கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்க முடியாதுப்பா. இன்னைக்குத்தான் வந்துச்சு."

"இல்லம்மா. பழைய பாட்டு. வார்த்தைதான் வேற. இலை, தண்டுன்னு ஏதோ வரும். அந்தக் காலத்துல இயற்கையை வச்சு எழுதுவாங்க. நீங்க அதுல காதலைப் போட்டுட்டீங்க."

"எங்க கேட்டீங்க?"

"பஸ்லதான். வேற எங்க."

"இவருக்கு எல்லாப் பாட்டும் கேட்ட பாட்டுதான்," என்று அம்மா உள்ளே போனாள்.

அப்போது அது சிரிப்பாக இருந்தது. நான்காம் நாள் அந்தப் பழைய பாடல் பக்கம் பாட்டை எடுத்துப் போட்டது. 'மறக்கப்பட்ட முத்து. பாடியவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்.' கீழே அக்காவின் பெயர் எழுதியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. அது பழைய பாட்டை மறுபடி ஏற்றிய யாரோ ஒருவரின் பெயராம். 3.41-இல் வரும் குரலை ஒருவர் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அது வானொலியில் ஒலித்த பாட்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கல்லூரி ஆண்டு விழாவில் இதற்கு ஆடினேன் என்றார் ஒருவர். என் கல்யாணத்தில் போட்டார்கள் என்றார் இன்னொருவர். இரண்டு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு லட்சம் பேரும் நினைவுகளில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா அங்கே போய் எழுதினாள்: இதைப் பாடியது நான். பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. 'ஆசை இருக்கலாம் சகோதரி, அதற்கு ஒரு அளவு வேண்டும்.'

அதற்கு மறுநாள்தான் அவளைச் சாகடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொலைபேசி வந்தது. பாட்டை எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பிவைத்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண். எதையோ பார்த்துப் படிக்கிற குரல். கணக்கு தங்கையின் பெயரில் இருந்ததால் அவளே பேச வேண்டியிருந்தது.

"உங்க பாட்டு மேல ஒரு புகார் வந்திருக்கு மேடம். பழைய பதிவை எடுத்து உங்க பேர்ல போட்டிருக்கீங்கன்னு."

"இல்லைங்க. நாங்க பண்ணதுதான்."

"சரி மேடம். மூலப் பதிவைப் படம் எடுத்து அனுப்பிடுங்க, போதும்."

தங்கை யோசித்தாள். கேட்டது மூலப் பதிவு. வெளியான ஓசை எதிலிருந்து வந்தது? கேசட்டிலிருந்து. கேசட்டை மேசைமேல் வைத்து, வெளிச்சம் சரியாக விழும்படி படம் எடுத்து அனுப்பினாள். அதன்மேல் யாரோ நீல மையில் அழகாக ஒரு தேதி எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டு வருடம் முந்தைய தேதி.

"மேடம், இதுலயே தேதி இருக்கே," என்றாள் அந்தப் பெண்.

"அது கேசட்டோட தேதிங்க. பாட்டோடது இல்லை."

"பாட்டு அந்தக் கேசட்லதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப சரி மேடம்," என்று வைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் பாட்டு எல்லா இடத்திலிருந்தும் காணாமல் போனது.

அக்கா சாமான் அறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "உன்கிட்ட கேட்டது ஆதாரம்டி. வாக்குமூலம் இல்லை."

"அவங்க மூலப் பதிவுன்னு கேட்டாங்க."

"நீ எனக்குத் தங்கையா, எதிர்க்கட்சி வக்கீலா?"

சனிக்கிழமை காலை அக்கா தலை வாரி, சமையலறையில் நின்று, டிரம் மெஷினும் இல்லாமல் மெத்தையும் இல்லாமல் பாட்டை முழுக்கப் பாடிப் படம் எடுத்துப் போட்டாள். பின்னால் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம்கூட இருந்தது. நன்றாகத்தான் பாடினாள். மாலைக்குள் ஆயிரம் பேர் பார்த்தார்கள். முதல் கருத்து: 'நல்ல முயற்சி. ஆனால் அசலில் இருந்த உயிர் இல்லை.'

அக்கா கத்தவில்லை. அதுதான் தங்கைக்குப் பயமாக இருந்தது. அறைக்குள் வந்து மெத்தையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. இத்தனை பேர் கேட்டிருக்கேன்னு சொல்றாங்க. அப்பாவே சொல்றார். ஒருவேளை நான் எங்கேயோ கேட்டதை எடுத்துட்டேனோ?"

"துணி காயப்போடறப்ப வந்துச்சுன்னு சொன்னியே."

"வந்துச்சு. சட்டுனு, முழுசா, ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி வந்துச்சு. பதினொரு வருஷம் அடுத்தவங்க பாட்டுக்குப் பின்னாடி நின்னவ நான். எது எனக்குள்ள ஒட்டியிருக்கோ யாருக்குத் தெரியும்?" அக்கா விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படின்னா அவங்க சொல்றதுதான் சரி. திங்கட்கிழமை பழையபடி 'ஆ' சொல்லப் போறேன்."

தங்கையிடம் அளந்து சொல்ல எதுவும் இல்லை. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு முள் கிடையாது. ஆனால் பாடியது யார் என்பதற்கு இருந்தது. அவள் எதையும் அழிப்பதில்லை. அக்கா மைக் முன்னால் நின்ற நான்கு நாட்களும் பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தாள். மொத்தம் இருபத்தேழு தடவை. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், அறையின் வெப்பநிலை எழுதியிருந்தது. அதை அனுப்பாததற்கு ஒரே காரணம், பாட்டுக்கு இடையில் இருந்தவை.

"அதுல நீ திட்டறது எல்லாம் இருக்கு," என்றாள்.

"எவ்வளவு?"

"பாட்டு ஐம்பது நிமிஷம். திட்டு ஒரு மணி பத்து நிமிஷம்."

அக்கா முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். "போடு. செத்தவ திட்டமாட்டா, இல்லையா?"

நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு தங்கை அந்தப் பக்கத்துக்கென்று ஆறு நிமிடம் வெட்டி எடுத்தாள். அதன் முன்னால் யாராவது விளக்கம் சொல்ல வேண்டும். அக்கா சொன்னால் நம்பமாட்டார்கள். தங்கை சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதினாள். பதினான்கு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு மைக்கை ஓடவிட்டு, 'வணக்கம். இந்தப் பாட்டைப் பதிந்தது நான். 3.41-இல் வரும் குரல் என் தவறு. அழிக்கும் தலையை நான் துடைக்கவில்லை. இனிமேல் வருவது என் அக்கா' என்றாள். குரல் நடுங்கியது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது அக்கா. 'ஏய், ஹெட்ஃபோன்ல என் குரலே வரலை, எறும்பு பேசற மாதிரி இருக்கு.' பிறகு இரண்டு வரி பாட்டு. 'மறுபடியும்' என்கிற தங்கையின் சின்னக் குரல். 'மறுபடியும் மறுபடியும்னு சொல்றதுக்கு ஒரு கிளியை வாங்கி உட்கார வச்சிருக்கலாம்.' பாட்டு. 'மறுபடியும்.' 'நீ பொறந்தப்பவே அம்மாகிட்ட சொன்னேன், திருப்பிக் கொடுத்துடலாம்னு.' பாட்டு. அசலில் இருந்த அதே உயிரோடு.

செவ்வாய்க்கிழமை பாட்டு திரும்பி வந்தது. தொலைபேசிப் பெண் அழைத்து, "உங்க அக்கா ரொம்ப நல்லா திட்டறாங்க மேடம்," என்று படிக்காமலே சொன்னாள். பழைய பாடல் பக்கம் வருத்தம் தெரிவித்தது: பாடகி உயிரோடுதான் இருக்கிறார். கைகூப்பிய நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் கையைக் கீழே இறக்கவில்லை.

பாட்டை இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள் என்றால், திட்டை ஏழு லட்சம் பேர் கேட்டார்கள். மருந்துக் கடையில் அக்கா தலைவலி மாத்திரை கேட்டபோது கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அந்தத் திட்டற அக்காதானே? ஒரே ஒரு தடவை 'கிளி' சொல்லுங்களேன்."

"நான் பாட்டும் பாடியிருக்கேன்மா," என்றாள் அக்கா.

"அப்படியா?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் அப்பா நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஆடும் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இன்னும் இரண்டு ஆணி. ஆணிகளுக்கு இடையே அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாப் போச்சாமே," என்றார். "நல்லது. ஆனா நான் அதைக் கேட்டிருக்கேன்."

அக்கா மாத்திரைப் பொட்டலத்தை மேசையில் போட்டாள். "அப்பா. போதும். ஊர் உலகமே ஒத்துக்கிச்சு. நீங்க ஒருத்தர் ஏன் இப்படி உயிரை வாங்கறீங்க?"

"கேட்டதைக் கேட்டேன்னு சொன்னா தப்பா?"

"பஸ்ல கேட்டீங்க."

"பஸ்லதான்."

தங்கை சாமான் அறை வாசலுக்கு வந்து நின்றாள். அவளுக்கு ஏதோ உறுத்தியது. "அப்பா, நீங்க ஓட்டினது டவுன் பஸ். அதுல ரேடியோவே கிடையாதே."

அப்பா சுத்தியலை நிறுத்தினார். "கிடையாது. கண்ணாடியே பாதி கிடையாது."

"அப்ப பாட்டு எங்கேயிருந்து வந்துச்சு?"

"பின்னாடி சீட்லேர்ந்து." கேள்வியே புரியாதவர் போல் பார்த்தார். "ஏழே கால் வண்டி. ஸ்கூல் பொண்ணுங்க என் சீட்டுக்குப் பின்னாடிதான் அடைஞ்சுக்கிட்டு வரும். அதுல ஒண்ணு தினமும் இதைப் பாடிக்கிட்டே வரும். ரெண்டு வருஷம் கேட்டிருக்கேன்." வாயிலிருந்து ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பாடினார். கட்டைக் குரல், ஆனால் சுருதி விலகவில்லை. "இலையும் தண்டும் வேரும், பச்சையம் உள்ளே சேரும்..." பிறகு குரல் ஒரு படி மேலே ஏறி, வளைந்து, மெதுவாக இறங்கியது. "ஒளிச்... சேர்க்... கை."

அந்த வளைவு வெளியான பாட்டில் இல்லை. நடனப் பாட்டுக்கு இழுவையாக இருக்கிறது என்று பதிவதற்கு முன்பே அக்கா எடுத்துவிட்டாள். தங்கையின் நோட்டில் மட்டும் ஒரு வரி இருந்தது: வளைவு வேண்டாம்.

அக்கா கவிழ்ந்த நாற்காலியின் விளிம்பில் உட்காரப் போய், சமாளித்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பதாவது அறிவியல்," என்றாள். "மனப்பாடமே ஆகாது. மெட்டுப் போட்டுப் படிச்சேன். அப்பா, அது நான்."

அப்பா அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீயா?"

"உங்க வண்டியிலதானேப்பா தினமும் வந்தேன். உங்களுக்கு நேர் பின்னாடி."

"நீ வந்தது தெரியும். பாடினது நீன்னு எப்படித் தெரியும்? இருபது பொண்ணுங்க. எஞ்சின் வேற கத்தும்." கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "வண்டி ஓட்டறவன் திரும்பிப் பாக்கக் கூடாது. முப்பது வருஷத்துல ஒரு நாள்கூடத் திரும்பிப் பாத்ததில்லை."

"இறங்கினப்புறம் கேட்டிருக்கலாமே. யாரு பாடினதுன்னு."

"கேட்டா நிறுத்திடும்னு நினைச்சேன்," என்றார் அப்பா. "வண்டி அந்த ஸ்கூல் மேடு ஏறறப்ப கேக்க நல்லா இருக்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் பார்வை தங்கையிடம் போனது.

"அந்த வளைவை ஏன்டி எடுத்தே?"

"நீதான் எடுக்கச் சொன்னே."

"நான் சொன்னா? ஒரு எதிர்ப்பு இல்லை? கேசட்டுக்கு மட்டும் அப்படி ஒரு பிடிவாதம்."

"நோட்ல இருக்கு. தேதியோட."

"நோட்டைக் கொண்டுபோய்க் கிணத்துல போடு. மைக்கை எடுத்து வை."

தங்கை உள்ளே போய் மைக்கை எடுத்து வைத்தாள். கேசட் டெக்கைத் துணி போட்டு மூடினாள். அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தலைவலியை மறந்துவிட்டு, கண்ணை மூடி அந்த வளைவை ஒரு தடவை பாடினாள். கதவருகே சுத்தியலோடு நின்ற அப்பா தலையாட்டினார்.

"மேட்டுல இன்னும் கொஞ்சம் மெதுவா ஏறும்," என்றார்.

அக்கா கண்ணைத் திறந்து இருவரையும் முறைத்தாள்.

"மறுபடியும்," என்றாள் தங்கை.